தலை முழுக நாள் பார்ப்பதா?

(போளூரில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



தலை முழுகுவதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று தலைவர் சொன்னவுடன் உங்களில் பலர் சிரித்தீர்கள். கடவுளைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில் சீயக்காயைப் பற்றி என்ன பேச்சு என்று நினைத்திருக்கலாம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் உங்களுடைய சொந்தத் தலைக்கு, உங்களுடைய சொந்தக் கிணற்றுத் தண்ணீரை, நீங்கள் நினைத்த நாளில் ஊற்றிக்கொள்ள உங்களுக்குச் சுதந்திரம் இருக்கிறதா? ஆண்பிள்ளைக்கு ஓரளவு இருக்கிறது. பெண்பிள்ளைக்கு இருக்கிறதா? "இன்றைக்கு என்ன கிழமை?" என்று கேட்காமல் எந்தப் பெண்ணாவது எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கிறாளா? தன் தலையே தன் வசத்தில் இல்லாதவனுக்கு மற்றச் சுதந்திரமெல்லாம் வந்து என்ன பயன்? ஆகையால்தான் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

பேச்சின் நடுவில் மயிர் என்ற சொல் வரும். அதற்கும் யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. திருக்குறளிலேயே வருகிற நல்ல தமிழ்ச் சொல் அது. அதை வசவாக்கியது நம்முடைய கெட்ட பழக்கமே தவிரச் சொல்லின் குற்றமல்ல.

முதலில் இந்தக் கிழமைச் சங்கதியைப் பார்ப்போம். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்திருக்கிறார்கள். மற்ற நாளில் எண்ணெய் தேய்த்தால் இன்ன நாளுக்கு அழகு போகும், இன்ன நாளுக்குப் பொருள் போகும், இன்ன நாளுக்கு ஆயுளே போகும் என்று பஞ்சாங்கங்களில் அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். அமாவாசை ஆகாது, பிறந்த நாள் ஆகாது, புருஷன் ஊருக்குப் புறப்பட்ட நாளில் பெண்டாட்டி முழுகக் கூடாது என்று வீட்டுக்கு வீடு இன்னும் சேர்த்துக்கொள்ளுகிறார்கள்.

நாம் கேட்பது இதுதான். செவ்வாய்க்கிழமை ஒரே கிழமைதானே? ஒரே சூரியன், ஒரே கிணறு, ஒரே எண்ணெய்ச் செக்கு. அந்தக் கிழமை பெண்டாட்டி தலைக்கு நன்மையாகவும் புருஷன் தலைக்குக் கேடாகவும் எப்படி மாறும்? மண்டைத் தோலைப் பிளந்து பார்த்தால் ஆண் தோலா பெண் தோலா என்று டாக்டருக்கே சொல்ல முடியாது. கிழமைக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? சரி, சாஸ்திரம் என்றால் சாஸ்திரமாகவாவது இருக்கிறதா? தீபாவளி எந்தக் கிழமையில் வந்தாலும், அது ஞாயிறானாலும் வியாழனானாலும், ஆணும் பெண்ணும் குழந்தையும் விடியுமுன் எழுந்து எண்ணெய் தேய்த்துக்கொள்ளுகிறார்கள். அன்றைக்கு ஊர் வீடு ஒவ்வொன்றின் வெந்நீர் அண்டாவிலும் கங்கை வந்து இறங்கிவிடுகிறதாம்! அன்று அழகும் பொருளும் ஆயுளும் போய்விடவில்லையே! ஒரு நாளைக்குப் போகாதது மற்ற நாளைக்கு மட்டும் போகும் என்பதற்கு என்ன ருஜு?

ஆத்திசூடியிலேயே சொல்லியிருக்கிறதே என்று ஒரு தோழர் எழுந்து கேட்கக்கூடும். அதில் நீராடுவதைப் பற்றி வரும் அடிக்குச் சனிக்கிழமை என்று பொருள் சொல்லுகிற புலவர்களும் உண்டு. குளிர்ந்த நீர் என்று பொருள் சொல்லுகிற புலவர்களும் உண்டு. புலவர்கள் சண்டை முடிகிற வரைக்கும் நாம் அழுக்குத் தலையோடு காத்திருக்க முடியாது.

நாம் நியாயமாகப் பேச வேண்டும். வாரத்துக்கு ஒன்று இரண்டு தடவை தலை முழுகுவது என்ற எண்ணிக்கை முட்டாள்தனமானது என்று நாம் சொல்ல வரவில்லை. சீயக்காயை வெயிலில் காயவைத்து, வெந்தயமும் பச்சைப்பயறும் சேர்த்து இடித்துச் சலித்து, விறகு பொறுக்கி வந்து வெந்நீர் போட்டு, இடுப்பளவு மயிரை உலர்த்தி முடிக்க ஒரு பெண்ணுக்கு அரை நாள் ஆகும். அதைத் தினம் செய்ய யாரால் முடியும்? வாரம் ஒரு தடவை என்பது உழைப்பிலிருந்து பிறந்த கணக்கு. அதன் மேல் கிழமையை ஏற்றி, பயத்தை ஏற்றிப் புண்ணியமாகவும் பாவமாகவும் ஆக்கியது பஞ்சாங்கம். கணக்கு நம்முடையது, பயம் அவர்களுடையது.

இன்றைக்கு அந்தக் கணக்கும் மாறிப்போயிற்று. நம் மாவட்டத்திலிருந்து எத்தனை பெண்கள் விடியற்காலையில் கம்பெனிப் பஸ் ஏறிச் செய்யாற்றுச் செருப்புத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு ஓய்வாகக் கிடைப்பது ஞாயிறு. பஞ்சாங்கமோ ஞாயிறு ஆகாது, வெள்ளிதான் என்கிறது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எழுந்து குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈர மயிரை அப்படியே முடிந்து பஸ் ஏறுகிறாள் அந்தப் பெண். ஈரத்தில் மயிர் பலமிழந்திருக்கும்; இழுத்துச் சீவினால் அறுந்து வரும். பிறகு "எனக்கு முடி கொட்டுகிறது" என்று அழுகிறாள். ஞாயிறு பகலில் நிதானமாக முழுகி வெயிலில் உட்கார்ந்து உலர்த்தினால் எந்தக் குடி முழுகிப்போகும்?

அப்படியானால் எத்தனை நாளைக்கு ஒரு தரம் முழுகுவது என்று கேட்பீர்கள். அதைத் தெரிந்துகொள்ள மயிர் என்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர் இருக்கிறது. வெளியே தெரிகிற மயிர் செத்த பொருள், நகத்தைப் போல. உயிர் இருப்பது தோலுக்கு உள்ளே, வேரில். அங்கிருந்து மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஒவ்வொரு மயிரும் இரண்டு முதல் ஆறு வருஷம் வளர்ந்து, பிறகு கொஞ்ச காலம் ஓய்ந்திருந்து உதிர்ந்துவிடும். அந்த இடத்தில் புதிது முளைக்கும். ஆகையால் நல்ல ஆரோக்கியமான தலையிலிருந்தும் நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் வரை உதிரும். வாரம் முழுவதும் முழுகாமல் பின்னிப்போட்டிருக்கிற பெண்ணின் தலையில் ஏழு நாள் உதிர்ந்ததெல்லாம் பின்னலுக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும். முழுகும்போது ஒரே கொத்தாகக் கையோடு வரும். அதைப் பார்த்துப் பயந்து, "தலை முழுகினால் முடி கொட்டுகிறது" என்று இரண்டு வாரம் தள்ளிப் போடுவாள். அடுத்த தடவை இரண்டு மடங்கு வரும். இன்னும் பயப்படுவாள். தண்ணீர் உதிர்ப்பதில்லை, தாய்மார்களே! உதிர்ந்து கிடந்ததைத் தண்ணீர் காட்டுகிறது.

மயிர்க்கால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண்ணெய்ப் பசையைச் சுரக்கும் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. பருவம் வந்த பிள்ளைகளுக்கு அது அதிகமாகச் சுரக்கும், வயதானவர்களுக்குக் குறையும். நேரான மயிரில் இந்தப் பசை சீக்கிரம் நுனி வரைக்கும் இறங்கிவிடும். சுருட்டை மயிரில் இறங்காது, நுனி வறண்டே இருக்கும். ஆகவே எல்லாருக்கும் ஒரே விதி என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. பசை அதிகமுள்ள வாலிபனும், வெயிலில் வேர்த்து, கல்லுடைக்கும் இடத்திலும் நெல் அடிக்கும் களத்திலும் தூசி படிகிறவர்களும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழுகலாம். தினம் முழுகினாலும் தோஷமில்லை. தினமும் சீயக்காயோ ஷாம்புவோ போட வேண்டும் என்பதில்லை. வேர்வை போக வெறும் தண்ணீரே பல நாளைக்குப் போதும். சாதாரணமாக இருப்பவர்களுக்கு வாரம் இரண்டு மூன்று தடவை. வறண்ட, சுருட்டையான மயிருக்கு வாரம் ஒரு தடவை போதும். தொட்டுப் பாருங்கள்: பிசுபிசுக்கிறதா, அரிக்கிறதா, நாற்றம் வருகிறதா? உங்கள் தலைக்குரிய பஞ்சாங்கம் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது.

பஞ்சாங்கத்தைத் தலைமுழுகிவிட்ட நம் தோழர்கள் பலர் இப்போது வேறொரு புரோகிதனிடம் அகப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் புரோகிதன் விளம்பரம். இன்று காலை போளூர்க் கடைத்தெருவில் வந்துகொண்டிருந்தோம். பெட்டிக்கடை வாசலில் ஷாம்பு பாக்கெட்டுகள் தோரணம் கட்டினாற்போல் தொங்குகின்றன. அந்தப் பாக்கெட்டின் கதை நம்முடைய கதைதான். பாட்டில் ஷாம்பு பணக்காரன் வீட்டுப் பொருளாக இருந்த காலத்தில், கூலிக்காரனும் வாங்கும்படி சின்னப் பையில் அடைத்து விற்கலாம் என்று கண்டுபிடித்தவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தொழில் ஆரம்பித்து, சிக் ஷாம்புவை ஐம்பது காசுக்குப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனார். ஊர் நடுவில் ஒரு பையனை உட்காரவைத்து, எல்லாரும் பார்க்க அவன் தலையைக் கழுவிக் காட்டி விற்றார்கள். பிரத்தியட்சமாகக் காட்டி விற்றது நல்ல காரியம்தான். பணக்காரன் தலைக்கு மட்டும் என்று இருந்ததை ஏழைத் தலைக்கும் கொண்டுவந்ததை நாம் குறை சொல்ல மாட்டோம்.

ஷாம்பு என்ற சொல்லே நம் நாட்டிலிருந்து போனதுதான். பிடித்துவிடு, அமுக்கிவிடு என்று பொருள்படும் ஹிந்திச் சொல் அது. பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர் இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்தில் 1814-இல் குளியல் வீடு வைத்து, வெள்ளைக்காரத் துரைகளுக்கு உடம்பு பிடித்துவிட்டார். இரண்டு ராஜாக்களுக்கு அவர் ஷாம்பு வைத்தியராகவே இருந்தார். நம்மிடமிருந்து தைலம் தேய்க்கும் வித்தையாகப் போனது, நம்மிடம் பாக்கெட்டாகத் திரும்பி வந்திருக்கிறது.

குறை சொல்ல வேண்டியது விளம்பரத்தின் பொய்யை. வேருக்குப் பலம் தரும், செத்த மயிருக்கு உயிர் ஊட்டும், இத்தனை வாரத்தில் இத்தனை அங்குலம் வளரும் என்பதெல்லாம் மந்திரித்த தாயத்துக்கு அண்ணன் தம்பி. செத்த மயிருக்கு எவனாலும் உயிர் ஊட்ட முடியாது. ஷாம்புவும் சரி, சீயக்காயும் சரி, செய்யும் வேலை ஒன்றுதான்: பசையையும் அழுக்கையும் தண்ணீரோடு சேர்த்து இறக்கிவிடுவது. 2021-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் வாரம் ஐந்து ஆறு தடவை ஷாம்பு போட்டவர்களுக்குத் தலை நன்றாக இருந்தது என்று கண்டார்கள். ஆசியாக்காரர்களிடம் செய்த சோதனை அது. அதிகம் கழுவினால் மயிர் கெட்டுவிடும் என்ற பயத்துக்கு அது நல்ல பதில். ஆனால் அந்த ஆராய்ச்சியை நடத்தியதில் ஷாம்பு விற்கும் பெரிய கம்பெனியின் ஆட்கள் இருந்தார்கள். தேங்காயெண்ணெயை முழுகுவதற்கு முன் தடவினால் மயிரின் சத்து தண்ணீரில் கரைந்து போவது குறைகிறது என்று 2003-இல் காட்டினார்கள். அதைச் செய்தவர்கள் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள். அதனாலேயே அவை பொய்யென்று நாம் சொல்லவில்லை. சொன்னவன் யார், அவனுக்கு என்ன லாபம் என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள் என்கிறோம். புராணத்துக்குக் கேட்ட கேள்வியைப் பாட்டிலுக்கும் கேட்க வேண்டாமா?

சீயக்காயைப் பற்றி மலைத் தோழர்கள் சற்று முன் கேட்டார்கள். ஜவ்வாது மலையில் கிடைக்கிற சீயக்காயில் நுரைக்கும் சத்து இயற்கையாகவே இருக்கிறது. உவர்ப்புத் தண்ணீர் ஊர்களில் சோப்புக் கட்டி திரிந்துபோய் மயிரில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். சீயக்காய் அப்படித் திரிவதில்லை. ஆகவே துணி சோப்பையும் உடம்பு சோப்பையும் தலைக்குப் போடுவதை விடச் சீயக்காய் எவ்வளவோ மேல். ஆனால் அதுவும் அமிர்தமல்ல. தூளைச் சரியாக அலசாவிட்டால் தலையில் தங்கி அரிக்கும். கண்ணில் பட்டால் எரியும். முன்னோர் செய்ததெல்லாம் விஞ்ஞானம் என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

எண்ணெயிலும் ஒரு எச்சரிக்கை. பொடுகு என்பது வறட்சியால் வருகிறது என்று நினைத்து, பொடுகு கண்டவுடன் எண்ணெயை வழிய வழிய வைக்கிறார்கள். பொடுகுக்குக் காரணம் மண்டைத் தோலில் வாழும் ஒரு நுண்ணிய பூஞ்சை. அதற்கு ஆகாரமே எண்ணெய்ப் பசைதான். எண்ணெயை ஊறவைப்பது திருடனுக்கு விருந்து வைப்பது போலாகும். பொடுகுக்காரர் மற்றவர்களை விட அடிக்கடி முழுக வேண்டும். கீட்டோகோனசோல் கலந்த ஷாம்புவை வாரம் இரண்டு தடவை போட்டு, ஐந்து நிமிஷம் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் அடங்கும்.

பேன் விஷயத்தில் நம்முடைய ஆட்களே தப்பாகப் பேசுகிறார்கள். அழுக்குத் தலையில்தான் பேன் உண்டாகும் என்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் மலைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் தள்ளி உட்காரவைக்கிறவர்கள் உண்டு. வெப்பத்திலும் ஈரத்திலும் பேன், ஈ, மூட்டைப்பூச்சி எல்லாம் தானாகப் பிறக்கும் என்று எழுதி வைத்தது யார் தெரியுமா? மனு! மனுதர்ம சாஸ்திரம் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. மூடி வைத்த இறைச்சியில் புழு தானாக உண்டாவதில்லை, ஈ முட்டையிட்டால்தான் உண்டாகிறது என்று இத்தாலி தேசத்து ரெடி என்பவர் 1668-இலேயே சோதித்துக் காட்டிவிட்டார். பேன் பேனிலிருந்துதான் வரும். ஒரு தலை மற்றொரு தலையோடு ஒட்டுவதால் பரவும். சுத்தமான தலைக்கும் வரும், டாக்டர் வீட்டுக் குழந்தைக்கும் வரும். எத்தனை தடவை முழுகினாலும் பேன் சாகாது. தண்ணீரில் மூச்சை அடக்கிக்கொண்டு மயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஈரத் தலையில் பேன் சீப்புப் போட்டு இழுக்க வேண்டும்; பெர்மெத்ரின் மருந்து தடவி, ஈர் பொரிகிற கணக்குப் பார்த்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடி தடவ வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். பேன் பிடித்த குழந்தையை மனுவின் பேச்சைக் கேட்டு அவமானப்படுத்த வேண்டாம்.

மொட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைக்கு மொட்டை போட்டால் மயிர் அடர்த்தியாக வளரும் என்பது படித்தவர்களும் நம்புகிற சங்கதி. கத்தி தோலுக்கு மேலே ஓடுகிறது; வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது. சிரைப்பதால் மயிர் தடிப்பதும் இல்லை, வேகமாக வளர்வதும் இல்லை என்று 1928-இல் அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர் என்ற அம்மையார் அளந்து பார்த்தே எழுதினார். திருப்பதி ஏழுமலையானுக்குக் கொடுத்த மயிரை ஏலம் போட்டு வருஷத்துக்கு நூறு கோடி ரூபாய்க்கு மேல் வாங்குகிறார்கள். அடர்த்தியானது எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்!

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த சங்கதிக்கு வருகிறோம். சிரிக்காமல் கேளுங்கள்.

மயிரின் மேல் மீன் செதிள் போல நுண்ணிய செதிள்கள் இருக்கின்றன. நாட்கணக்காகக் கழுவாமல், சீவாமல் விட்டால் பசையும் தூசியும் சேர்ந்து, உதிர்ந்த மயிரும் உதிராத மயிரும் செதிளோடு செதிள் கொளுவிக் கம்பளி போல இறுகிவிடும். இதுதான் சடை. இதில் மாயம் ஒன்றுமில்லை. எந்தத் தலையையும் சில மாதம் விட்டுவைத்தால் ஆகிவிடும். சீக்காய்ப் படுத்தவர்களுக்கும், குழந்தை பெற்று மனம் சோர்ந்து தன்னையே கவனிக்காமல் கிடக்கும் தாய்க்கும், புத்தி கலங்கினவர்களுக்கும் இது நேரும். நாம் சிறுவனாக இருந்தபோது ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, தலையில் தண்ணீர் பட்டால் ஜன்னி வரும் என்று நம்மையே வாரக்கணக்கில் முழுகவிடாமல் வைத்திருந்தார்கள். பின்மண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முடிச்சு. பாட்டி பார்த்துவிட்டு, "சாமி இறங்கியிருக்கிறது, கத்தி வைக்காதே" என்றாள். ஆண்பிள்ளையானதால் தப்பித்தோம், அப்பா கத்திரிக்கோலை எடுத்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் ஜலதோஷமோ ஜன்னியோ வராது. ஜலதோஷம் கிருமியால் வருகிறது என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

பெண்பிள்ளைக்கு என்ன ஆகும்? பக்கத்தில் படவேட்டில் ரேணுகாம்பாள் கோயில் இருக்கிறது. ஆடி வெள்ளியில் இந்தப் போளூர் வழியாகத்தான் எத்தனை வண்டிகள் போகின்றன! அந்த ரேணுகா யார்? புருஷன் சந்தேகப்பட்டதற்காகப் பெற்ற மகனாலேயே தலை வெட்டப்பட்டவள் என்று அவர்கள் புராணமே சொல்லுகிறது. அதே ரேணுகா கர்நாடகத்தில் சவதத்தி என்ற ஊரில் எல்லம்மா என்ற பெயரில் இருக்கிறாள். அங்கே ஒரு ஏழைப் பெண்ணின் தலையில் சடை விழுந்தால், எல்லம்மா அழைக்கிறாள் என்று சொல்லி, அவளைத் தேவதாசியாகக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விட்டுவிடுவார்கள். ஒரு வாளி வெந்நீரும் ஒரு சீப்பும் இல்லாத குற்றத்துக்கு ஒரு பெண்ணின் வாழ்வு முழுவதும் போயிற்று! பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட ஜாதிப் பெண்கள். பணக்காரர் வீட்டுப் பெண் தலையில் எல்லம்மா ஏன் இறங்குவதில்லை என்று யாரும் கேட்கவில்லை. சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரும் நம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடியதன் பலனாக 1947-இல் பொட்டுக்கட்டுவதை ஒழித்துச் சட்டம் வந்தது. கர்நாடகத்தில் 1982-இல் தனிச் சட்டம் செய்தார்கள். சட்டம் வந்த பிறகும் சடையைப் பற்றிய பயம் போகவில்லை.

மராட்டிய நாட்டில் டாக்டர் நரேந்திர தபோல்கர் 1989-இல் மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார். 2013 ஆகஸ்டு 20-ஆந் தேதி காலையில் உலாவப் போனவரைப் புனா நகரத்தில் சுட்டுக் கொன்றார்கள். அவர் உயிரோடிருந்த வரையில் இழுத்தடித்துக்கொண்டிருந்த மூடநம்பிக்கைத் தடைச் சட்டம் அவர் செத்த நாலே மாதத்தில் நிறைவேறியது. அந்தச் சங்கத்தில் நந்தினி ஜாதவ் என்ற அம்மையார் இருக்கிறார். அழகு நிலையம் வைத்திருந்தவர். அதை விட்டுவிட்டு, சடை விழுந்த பெண்களின் வீடு தேடிப்போய், பேசிப் பேசி, சடையை வெட்டி எடுக்கிறார். இருநூறுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வெட்டியிருக்கிறார். வெட்டுவதற்கு ஆகும் நேரம் அற்பம். சம்மதிக்க வைப்பதற்கு மாதக்கணக்காகிறது. வெட்டினால் ரத்தம் வரும், புருஷன் சாவான், கண் போகும் என்று பயம். வெட்டின பிறகு கழுத்து வலி போயிற்று, மல்லாந்து படுக்க முடிகிறது என்கிறார்கள் அந்தப் பெண்கள். வருஷக்கணக்காக மல்லாந்து படுக்காதவர்கள், தோழர்களே!

நம் நாட்டில்தான் இப்படி என்று வெட்கப்பட வேண்டாம். ஐரோப்பாவில் போலந்து தேசத்துக் குடியானவர்களும் நூற்றாண்டுக் கணக்காகச் சடையை வெட்டினால் கண் போகும், பைத்தியம் பிடிக்கும் என்று வைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கிராக்கோ நகரத்து டாக்டர் யூசெஃப் டீட்ல், இது வியாதியல்ல, அழுக்கு என்று சொல்லிப் பிரசாரம் செய்தார். சடைக்கு வரி போடப் போகிறார்கள் என்று ஒரு வதந்தியும் கிளம்பிற்றாம். வரி என்றவுடன் பலருக்குத் தெய்வ பயம் தெளிந்துவிட்டது என்று சொல்லுவார்கள். டீட்ல் பிறகு அந்த நகரத்துக்கே மேயராக வந்தார்.

ஆகவே உங்கள் ஊரில், மலையிலோ கீழோ, ஒரு பெண்ணின் தலையில் சடை கண்டால் கும்பிடாதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். புதிதாக விழுந்த சடையைத் தேங்காயெண்ணெய் ஊற்றி, நுனியிலிருந்து மெதுவாகப் பிரிக்கலாம். பழைய சடையை வெட்டத்தான் வேண்டும். செத்த மயிரை வெட்டினால் வலிக்காது, ரத்தம் வராது. பலவந்தமாக வெட்டக் கூடாது. அவளுக்குச் சம்மதம் வருகிற வரை போய்ப் போய்ப் பேச வேண்டும். முக்கியமாக, அவள் ஏன் தலை சீவாமல் இருந்தாள் என்று கேளுங்கள். தூக்கம் இல்லையா, சாப்பாடு இறங்கவில்லையா, யாரோடும் பேசுவதில்லையா? அப்படியானால் அவளுக்கு வேண்டியது சாமியாடியல்ல. அரசு மருத்துவமனை மன நல டாக்டர்.

மயிர் திடீரென்று கொத்துக் கொத்தாகக் கொட்டினாலும் அப்படித்தான். கொரோனா வந்து போனவர்களுக்கு 2020, 2021-இல் இரண்டு மூன்று மாதம் கழித்து மயிர் கொட்டிற்று. பெரிய காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பிறகும் கொட்டும், பிறகு தானாகவே முளைக்கும். நம் பெண்களில் அநேகருக்கு ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவு, அதனாலும் கொட்டும். எந்த எண்ணெயும் அதற்கு மருந்தல்ல. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு மிச்சமிருக்கிற சட்டியில் கீரையும் பருப்பும் முட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு தொல்லையும் நீளமான மயிரால்தானே என்று பெரியார் அவர்கள் அந்தக் காலத்திலேயே பெண்களைக் கிராப்பு வெட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அப்போது சிரித்தவர்கள் வீட்டுப் பேத்திகள் இன்று வெட்டிக்கொண்டு உத்தியோகத்துக்குப் போகிறார்கள். நீளம் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவள் வைத்துக்கொள்ளட்டும். வெட்டிக்கொள்ள நினைக்கிறவளை மாமியாரும் புருஷனும் தடுக்காமல் இருக்கட்டும்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போகிற தோழர்கள் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கைகாட்டுகிறார்கள். இங்கே ஒரு தாய் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: "பெண்ணுக்கு மாதவிலக்கு நாளில் மூன்று நாள் தலைக்கு ஊற்றக் கூடாது என்கிறார்களே, ஊற்றலாமா?" என்று. தாராளமாக ஊற்றலாம், அம்மா. முதல் நாளே ஊற்றலாம். வெந்நீராக ஊற்றினால் வயிற்றுவலிக்குக்கூட இதமாக இருக்கும். வேறு சீட்டு இருந்தால் கொடுங்கள்.